டிராயரில் தூங்கும் பழைய போன்... தோல் ஷாப்புக்கு ஒரு நூலகம் ஆகுமா?

வீட்டுக்கு வீடு டிராயரில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் கிடக்கும். டிஸ்ப்ளேவில் கீறல், கேமரா மங்கல். எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு சிரிப்புதான் வரும். ஆனால் அந்த போனால், இன்டர்நெட்டே இல்லாத இடத்திலும் ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் பேருக்குப் புத்தகம் கொடுக்க முடியும். சிம் வேண்டாம், டேட்டா பேக்கும் வேண்டாம்.

கவனிக்க: இது இ-புக் படிக்கிற ஆப் பற்றிய விஷயம் இல்லை. போனே சர்வர் ஆகிற விஷயம்.

சர்வர்னா என்ன?

ஹோட்டலில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றுதான் சொல்கிறோம். கம்ப்யூட்டர் உலகத்திலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பரிமாறுகிறது. உங்கள் போன் எப்போதும் டேபிளில் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் கஸ்டமர். அதையே எழுப்பி, தோளில் துண்டைப் போட்டு, பரிமாறவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை ஒரு குழு ஸ்மார்ட்போன் காலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறது. நியூசிலாந்தின் வைகாடோ பல்கலைக்கழகத்தில் உருவானது 'கிரீன்ஸ்டோன்' என்ற இலவச டிஜிட்டல் நூலக மென்பொருள். யுனெஸ்கோவும் சேர்ந்து பல நாடுகளுக்குக் கொண்டுசேர்த்த மென்பொருள் அது. டேவிட் பெயின்பிரிட்ஜ், இயன் விட்டன் உள்ளிட்டோர் அந்த நூலகத்தை அப்படியே பாட்டுக் கேட்கிற ஐபாடுக்குள் ஓட வைத்து, 2008-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வெளியே இருக்கும் நூலகத்தை ஐபாடில் எட்டிப் பார்ப்பது அவர்கள் நோக்கம் இல்லை. முழு நூலக சர்வரும் ஐபாடுக்குள்ளேயே இருந்தது. பெரிய திரையில் படிக்கணுமா? ஐபாடை நெட்வொர்க்கில் இணைத்தால், பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டருக்கு அது பக்கங்களைப் பரிமாறும்.

பாக்கெட்டில் அடங்கும் மியூசிக் பிளேயரே அன்றைக்கு அதைச் செய்தது. இன்றைக்கு டிராயரில் கிடக்கும் போன் அதைவிடப் பல மடங்கு வலுவானது.

இப்போ எப்படிச் செய்வது?

இன்றைக்கு இதற்கு எளிதான வழி 'கிவிக்ஸ்'. 2007-ல் தொடங்கிய இலவச, திறந்தமூல மென்பொருள். விக்கிப்பீடியா போன்ற ஒரு முழுத் தளத்தை 'ஜிம்' என்ற ஒற்றைக் கோப்பாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும். பிரித்துப் போட வேண்டியதில்லை. உள்ளே தேடும் வசதியும் சேர்ந்தே வரும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு நூறு ஜிபியைத் தாண்டும், அதை விட்டுவிடலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியா, ஒரு சாதாரண மெமரி கார்டிலேயே தாராளமாக உட்கார்ந்துவிடும்.

கிவிக்ஸ் ஆண்ட்ராய்டு ஆப்பில் ஹாட்ஸ்பாட் வழியாகப் பகிரும் வசதி இருக்கிறது. புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, சர்வரைத் தொடங்கினால் ஓர் எண் முகவரி திரையில் வரும். மற்றவர்கள் அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, தங்கள் பிரவுசரில் முகவரியை அடித்தால் போதும். அவர்கள் எந்த ஆப்பும் இறக்க வேண்டாம். ஐபோன், லேப்டாப் எதுவானாலும் சரி.

இரண்டு இடங்களில் பலரும் மாட்டிக்கொள்வார்கள். மெமரி கார்டு 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, பாதியில் நிற்கும். அடுத்தது, கூகுளின் விதிகளால் பிளே ஸ்டோரில் கிடைக்கும் கிவிக்ஸுக்கு, ஏற்கெனவே போனில் இருக்கும் கோப்புகளைத் தேடி எடுப்பதில் கட்டுப்பாடு உண்டு. கிவிக்ஸின் சொந்தத் தளத்தில் கிடைக்கும் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, ஆம்பூருக்கு இதனால என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்த ஊர்களில் கம்பெனி பஸ்ஸில் போகும் பலரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, டேட்டாவும் இருக்கிறது. பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. இல்லாதது வேறு ஒன்று.

தோலிலிருந்து முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அதன்பிறகு வரும் 'பிக்கிள்' கட்டத்தில் உப்பும் அமிலமும். இந்த இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியிலோ கால்வாயிலோ கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிருச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். தோல் தொழிலில் மட்டுமல்ல, கழிவுநீர்த் தொட்டி மரணங்களிலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

இதெல்லாம் ரகசியம் கிடையாது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்று சோடியம் சல்ஃபைடின் தாளிலேயே இருக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் கொண்டுவந்த திருத்தம், தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டு வாங்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. ஆனால் தாள் பொதுவாக ஆங்கிலத்தில் வரும், வந்ததும் ஆபீஸ் ஃபைலுக்குள் போய்விடும். டிரம் பக்கத்தில் நிற்பவர் தமிழ் பேசலாம், உருது பேசலாம், இந்தியோ வங்காளமோ பேசலாம்.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எந்த நூலகமும் அந்தச் சுவரைத் தாங்கியிருக்காது, அது கட்டுமானப் பிரச்னை. ஆனால் இங்கே வேலை செய்பவர்களுக்கு எந்தெந்த மொழிகளில் எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த இரவு காட்டியது.

இதற்கு விக்கிப்பீடியா போதாது. நாமே கட்டும் சின்ன நூலகம் வேண்டும். நூறு பக்கம் இருந்தால்கூடப் போதும்: ஷாப்பில் பயன்படுத்தும் ரசாயனங்களின் தாள்கள், நான்கு மொழிகளில் ஒரு பக்கச் சுருக்கம், படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆடியோ, பிஎஃப், இஎஸ்ஐ படிவங்களை நிரப்பும் முறை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் கொடுத்த தீர்ப்பையும் போடலாம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு, இந்தப் பாலாற்றங்கரையிலிருந்து போன வழக்கில் வந்ததுதான். நம்ம ஊர் பிள்ளைகள் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

ஒரு ஃபோல்டரில் இருக்கும் பக்கங்களை ஜிம் கோப்பாகக் கட்டித் தரும் கருவியும் கிவிக்ஸ் திட்டத்தில் உண்டு. அந்த வேலையை மட்டும் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். பிறகு போனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு தமிழ்த் தலைவலியும் இருக்கிறது. பழைய டிடிபி ஃபான்ட்களில் அடித்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் ஒன்றும் வராது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடல் வேலை செய்யும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் அது வெறும் படம். 'டெசராக்ட்' மாதிரி இலவச ஓசிஆர் தமிழைப் படிக்கும், ஆனால் பிழை திருத்த ஒரு மனிதர் உட்கார வேண்டும். ரசாயனத்தின் அளவில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காப்பிரைட்டும் உண்டு. ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்தாலும் பகிர்வு பகிர்வுதான். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை தொடரும். அதனால் கடையில் விற்கும் கைடை ஸ்கேன் செய்து ஏற்றுவது தப்பு. பொங்கல் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், நாட்டுடைமை ஆன நூல்கள், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் தமிழ் மின்னூல்கள் என்று நேர்வழியில் கிடைப்பதே ஏராளம். ஷிஃப்ட் முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கு, அரசு இலவசமாக வெளியிடும் பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்கள் இருக்கின்றன. ஒருவர் ஒருமுறை இறக்கி வைத்தால், மற்றவர்கள் அந்த போனிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம்.

போன் தாங்குமா?

தாங்கும், ஆனால் செல்லம் கொடுக்கணும். ஆண்ட்ராய்டுக்குப் பேட்டரியைக் காப்பாற்றுவதுதான் முதல் கவலை. திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் சர்வரைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். 'டெர்மக்ஸ்' போட்டு லினக்ஸ் பாணியில் சர்வர் ஓட்டுபவர்களுக்கு ஆண்ட்ராய்டு 12-லிருந்து இன்னொரு தொல்லை: பின்னணியில் ஓடும் துணை வேலைகள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால், போன் தானாக வெட்டிவிடும்.

நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் போனின் பேட்டரி உப்பலாம். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். இரவு முழுக்க ஓட விடாமல், ஷிஃப்ட் மாறும் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் ஓட்டுவது நல்லது. பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் அன்றோடு அந்த போனுக்கு ஓய்வு. ஹாட்ஸ்பாட்டில் பல போன்கள் எட்டிலிருந்து பத்துப் பேரைத்தான் ஏற்கும். கூட்டம் அதிகமென்றால் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை வாங்கி, நூலக போனை அதில் இணைத்துவிடலாம். ரவுட்டருக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் தேவையில்லை.

மென்பொருளைவிடக் கஷ்டமான பகுதி ஆள். 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்தில் ஒரு நடமாடும் நூலகம் கிளம்பியது. மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றியவர் கனகசபைப் பிள்ளை, ஓய்வுபெற்ற பொறியாளர். தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்த வண்டியோடு புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆள் போனார்கள். போன் நூலகத்துக்கும் அப்படி ஒருவர் தேவை. புது ரசாயனம் வந்தால் தாளை ஏற்ற, பழையதை நீக்க, உருதுச் சுருக்கம் சரிதானா என்று உருது தெரிந்தவரிடம் காட்ட. சேஃப்டி ஆபீசரோ, தொழிற்சங்கத்தில் ஒருவரோ, ஊரில் இருக்கும் கல்லூரியின் நூலகரோ இதை எடுத்துச் செய்யலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: ஷூ கம்பெனி, டேனரி என்றில்லை, பல இடங்களில் புரொடக்‌ஷன் பகுதிக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. அதனால் நூலக போனுக்குச் சரியான இடம் கேன்டீன் அல்லது டைம் ஆபீஸ், வெளியே என்றால் கம்பெனி பஸ் நிற்கும் இடத்து டீக்கடை. சுவரில் இரண்டு க்யூஆர் கோடு ஒட்டினால் போதும். முதலாவதை ஸ்கேன் செய்தால் ஹாட்ஸ்பாட்டில் சேரலாம், இரண்டாவது நூலகத்தின் முகவரி. பல புதிய ஆண்ட்ராய்டு போன்களில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டால் அந்த முகவரி மாறிவிடும். அப்போது இரண்டாவது தாளை மறுபடி பிரின்ட் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.