ஒல்லி உடம்பு ஏறணுமா? ஊசி, பவுடரில் காசை விடாதீங்க... முட்டை, கடலை, மீனே போதும்!

திருவொற்றியூர்,

“எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது.” காலடிப்பேட்டை டீக்கடைகளில் ஒல்லி வாலிபர்கள் அடிக்கடி சொல்லும் புலம்பல் இது.

கேலி, கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். 2-ம் நிலை காவலர் வேலைக்கு போகும் ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. வேண்டும். மூச்சை இழுத்தால் 86 செ.மீ. ஆக வேண்டும். அதனால் உடம்பை தேற்றுவது பலருக்கு பிழைப்பு பிரச்சினை.

170 செ.மீ. உயரம் உள்ளவர் குறைந்தது 54 கிலோ இருக்க வேண்டும். அதற்கு கீழே போனால் எடை குறைவு என்று அர்த்தம்.

ஏன் ஏறுவதில்லை?

காலையில் டீ, பன். மதியம் கிடைத்தது. ராத்திரி மட்டும் வயிறு முட்ட சோறு. இதைத்தான் பலர் ‘நிறைய சாப்பிடுறேன்’ என்று நினைக்கிறார்கள். மூட்டை தூக்கி, ஷிப்ட் பார்த்து செலவாகும் சக்திக்கு இது காணாது. அடிக்கடி குடிக்கும் டீயும் பசியை அடக்கி விடும்.

வழக்கமான சாப்பாட்டோடு தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாக சேர்ந்தால்தான் எடை ஏறும். சதை வளர புரதச்சத்து வேண்டும். உடற்பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 1.6 கிராம் கணக்கு. 50 கிலோ ஆளுக்கு நாளைக்கு 80 கிராம்.

80 கிராமுக்கு எங்கே போவது?

காலை: அவித்த முட்டை 2 (12 கிராம்), 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையை ஊற வைத்து அவித்தது (10 கிராம்).

11 மணிக்கு: வேர்க்கடலை 50 கிராம் (12 கிராம்), வாழைப்பழம் 2.

மதியம்: சோறு, பருப்பு, காசிமேட்டு மத்தியோ நெத்திலியோ 100 கிராம் (சுமார் 19 கிராம்).

சாயந்திரம்: டீக்கு பதில் ஒரு டம்ளர் பால் (6 கிராம்).

ராத்திரி: இன்னும் 2 முட்டை (12 கிராம்). முட்டை சாப்பிடாதவர்கள் சோயா உருண்டை போட்டு குழம்பு வைக்கலாம்.

இதிலேயே 70 கிராம் தாண்டி விட்டது. மிச்சம் இட்லி, சோறு, பருப்பில் வந்து விடும். பவுடர் ஒரு கரண்டியில் இருப்பது சுமார் 24 கிராம். அதாவது 4 முட்டை! கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரை கேட்டு விட்டு ஆரம்பிக்கணும்.

மூட்டை தூக்கினால் போதாதா?

போதாது. தினமும் ஒரே எடையை தூக்கினால் உடம்பு அதற்கு பழகி விடும். கொஞ்சம் கொஞ்சமாக பாரம் கூடணும், நடுவில் ஓய்வும் கிடைக்கணும். அப்போதுதான் சதை வளரும்.

ஜிம்முக்கு காசு இல்லையா? தண்டால், பஸ்கி, பார் எடுப்பது போதும். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொன்றும் 3 தடவை, தடவைக்கு 8 முதல் 12. சுலபமாகி விட்டால் முதுகில் பை மாட்டி பாரம் ஏற்றலாம். நைட் ஷிப்ட் பார்த்தாலும் 7 மணி நேர தூக்கம் கட்டாயம்.

மாதம் 1 முதல் 2 கிலோ ஏறினால் நல்ல வளர்ச்சி. எடை மட்டுமே கணக்கு இல்லை. 2019-ல் அர்ஜூனா விருது வாங்கிய சென்னை ஆணழகன் எஸ்.பாஸ்கரன் மோதியது 60 கிலோ பிரிவில்தான்!

உஷார்!

‘ஒரே மாசத்துல 10 கிலோ’ என்று யாராவது ஊசி, மாத்திரை நீட்டினால் ஒதுங்கி விடுங்கள். ஸ்டீராய்டு மருந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஆண்மையையும் பாதிக்கும்.

இது நோயாகவும் இருக்கலாம்

ஒழுங்காக சாப்பிட்டும் எடை இறங்குகிறதா? 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திர காய்ச்சல், ராத்திரி வியர்வை இருக்கிறதா? அது டி.பி.யாக இருக்கலாம். தைராய்டு, சர்க்கரை நோயாலும் எடை இறங்கும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளி பரிசோதனை இலவசம். டி.பி. என்று தெரிந்தால் மருந்தும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக கூடியது.

பவுடர் டப்பா வாங்கும் முன்னாடி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு போய் வாங்க. நோய் இல்லை என்று தெரிந்தால், மறுநாளே முட்டையும் தண்டாலும் ஆரம்பிக்கலாம்.