திரான்சில்வேனியாவின் ஆறுகளும் ஊர்ப்பெயர்களும்

ருமேனியாவின் கிழக்குக் கார்பேத்திய மலைத்தொடரில், மிக அருகருகே இரண்டு ஆறுகள் தோன்றுகின்றன. ஒன்று முரேஷ், மற்றொன்று ஓல்ட். முரேஷ் வடக்கே சென்று மேற்கே திரும்பி, ஹங்கேரியின் எல்லையைக் கடந்து, செகெத் நகரருகே திஸா ஆற்றில் கலக்கிறது. ஓல்ட் தெற்கே இறங்கி, தென்கார்பேத்திய மலையை ஊடறுத்து, தன்யூபை அடைகிறது. ஒரே வீட்டில் பிறந்து மனம் வேறுபட்டுப் பிரிந்துபோன உடன்பிறப்புகள் என்று இவ்விரு ஆறுகளையும் பற்றி அந்நாட்டு மக்கள் கதை சொல்வர்.

முரேஷ் தோன்றும் இடத்தில் ஒரு சிற்றூர் உண்டு. ருமேனிய மொழியில் அதன் பெயர் இஸ்வோரு முரேஷுலுய். ‘முரேஷின் ஊற்று’ என்பது பொருள். அவ்வட்டாரத்தில் பெரும்பான்மையராக வாழும் ஹங்கேரிய மொழியினர் அதே ஊரை மரோஷ்ஃபோ என்பர். ‘மரோஷின் தலை’ என்று பொருள்படும். தலைக்காவிரி என்று நாம் சொல்வதைப் போன்ற பெயர். மொழிகள் இரண்டும் ஒன்றோடொன்று உறவில்லாதவை. ருமேனியம் இலத்தீனின் வழிவந்தது. ஹங்கேரியமோ பின்னியம், எஸ்தோனியம் ஆகியவற்றுக்குத் தொலைதூர உறவு. எனினும் ஆற்றின் பெயர் இரண்டிலும் ஒன்றே. முரேஷ், மரோஷ் என்பவை ஒரு சொல்லின் இரு ஒலிப்புகள்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. சொமேஷ் ஆறு ஹங்கேரியர்க்குச் சாமோஷ். கிரீஷ் ஆறு அவர்க்குக் கொரொஷ். ஓல்ட் இருவர்க்கும் ஓல்ட். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அங்குக் குடியேறிய ஜெர்மானியரும் இப்பெயர்களையே தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு, ‘மாரிஸ்’ என்னும் ஆற்றைக் குறிப்பிடுகிறார். அது நேரே தன்யூபில் கலப்பதாக அவர் எழுதியது பிழை. திஸாவைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை போலும். ஆனால் பெயர் பிழையன்று. உரோமானியர் வருமுன்னரே, சிலாவியர் வருமுன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரியர் குதிரையேறி வருமுன்னரே அவ்வாற்றுக்கு அப்பெயர் இருந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் கரையில் நின்றவரிடம் ‘இது என்ன ஆறு?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முதலில் பெயரிட்டவர் மொழி மறைந்துவிட்டது. அவர் இட்ட பெயர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் இலக்கண நூலார் சொல்லும் காரணப்பெயராகத் தொடங்கியது, காரணம் மறந்து இடுகுறிப்பெயர் ஆயிற்று எனலாம்.

இதற்கு விலக்கான ஆறு ஒன்று உண்டு. முரேஷின் பெரிய துணையாறு ருமேனிய மொழியில் தர்னவா எனப்படுகிறது. ஹங்கேரிய மொழியில் அதன் பெயர் குக்குல்லோ. ஒலியளவில் இரண்டுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் தர்னவா என்பது முள்ளைக் குறிக்கும் சிலாவியச் சொல்லடியாகப் பிறந்தது. குக்குல்லோ என்பது முட்செடி ஒன்றைக் குறிக்கும் பழந்துருக்கியச் சொல்லடியாகப் பிறந்தது என்று சொல்லாய்வாளர் கருதுகின்றனர். ஆக, கரையோரத்து முட்புதரைக் கண்ட ஒருவர் மற்றவரின் பெயரைக் கேட்டு, அதன் ஒலியை வாங்காமல் பொருளை வாங்கிக்கொண்டார். ருமேனியரும் ஹங்கேரியரும் இன்று வழங்கும் அவ்விரு பெயர்களும் மூன்றாமவர், நான்காமவர் மொழிகளிலிருந்து வந்தவை என்பது, மொழித்தூய்மை பேசுவோர் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

ஊர்களுக்கு வருவோம். ஆறு எவரும் உண்டாக்கியதன்று. ஊரோ மக்கள் உண்டாக்குவது. ஆகவே ஊர்ப்பெயரில் உண்டாக்கியவரின் மொழி தெளிவாகத் தெரியும். முரேஷ் கரையிலுள்ள பெருநகரம் தர்கு முரேஷ், அதாவது ‘முரேஷ்ச் சந்தை’. ஹங்கேரிய மொழியில் மரோஷ்வாஷார்ஹேய், ‘மரோஷ்ச் சந்தையிடம்’. இதிலுள்ள ‘வாஷார்’ என்பது பழம்பாரசீகக் குடும்பச் சொல். நாம் கடைத்தெருவுக்கு வழங்கும் ‘பஜார்’ என்பதன் உறவு. சீக் பள்ளத்தாக்கிலுள்ள தலைநகரை ஹங்கேரியர் சீக்செரெதா என்பர். ருமேனியர் மியெர்குரியா சூக் என்பர். ‘செரெதா’ என்றாலும் ‘மியெர்குரி’ என்றாலும் புதன்கிழமைதான். புதன்தோறும் சந்தை கூடிய ஊர். இரு மொழியாரும் ஒரே நாளில் அங்கே வந்திருக்கின்றனர். எல்லா ஊரும் இவ்வாறு பொருள்பெயர்க்கப்படவில்லை. ‘அரண்மனையிடம்’ என்று பொருள்படும் உத்வர்ஹேய் என்னும் ஹங்கேரியப் பெயர், ருமேனியர் வாயில் ஒதோர்ஹேய் ஆயிற்று. ருமேனிய மொழியில் அச்சொல்லுக்குப் பொருளே கிடையாது. ஒலி மட்டும் குடிபெயர்ந்தது.

பல நூற்றாண்டுகள் ஓர் ஊருக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருந்தது எவருக்கும் இடையூறாகத் தோன்றவில்லை. இடையூறு தோன்றியது அரசு அலுவலகத்தில். 1898ஆம் ஆண்டில் ஹங்கேரிய நாடாளுமன்றம், ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு சட்டப்பெயர்தான் இருக்கலாம் என்று சட்டமியற்றியது. அஞ்சல் குழப்பம் தீரும் என்பது சொல்லப்பட்ட காரணம். நடைமுறையில் ருமேனியரும் சிலோவாக்கியரும் செர்பியரும் வாழ்ந்த எத்தனையோ ஊர்களுக்கு ஹங்கேரியப் பெயர்கள் ஆக்கப்பட்டன. முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரி பேரரசு குலைந்து, 1920ஆம் ஆண்டு திரியானோன் உடன்படிக்கையால் திரான்சில்வேனியா ருமேனியாவுக்கு உரியதானபோது, அதே கருவி கைமாறிற்று. இம்முறை பலகைகள் ருமேனிய மொழிக்கு மாறின. 1940இல் வடபகுதி மீண்டும் ஹங்கேரிக்குச் சென்றது. 1944இல் திரும்பி வந்தது. 1910இல் மரோஷ்வாஷார்ஹேயில் பிறந்த ஒருவர், தம் தெருவை விட்டு நகராமலே மூன்று முறை பெயர்ப்பலகை மாறக் கண்டிருப்பார். அவர் வீட்டெதிரே ஓடிய ஆறு மட்டும் பழைய பெயரோடே ஓடியது.

பெயர்ப்பலகை சிறுபொருள் என்று கருதுவோருக்கு 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை நினைவூட்டலாம். சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. தர்கு முரேஷ் நகரில் ருமேனியருக்கும் ஹங்கேரியருக்கும் தெருச்சண்டை மூண்டு உயிர்கள் பலியாயின. பள்ளிகளைப் பிரிப்பது பற்றிய பழைய பூசல் அதற்கு அடிப்படை. எனினும் அந்நாள்களில் தீப்பொறியானவற்றுள் ஒன்று, மருந்துக்கடை ஒன்றின்மேல் எழுதப்பட்ட ஹங்கேரியச் சொல். ‘மருந்தகம்’ என்பதைத் தவிர அச்சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.

இன்றைய ஏற்பாடு 2001ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் அமைந்தது. ஓர் ஊரில் சிறுபான்மையினர் மக்கள்தொகையில் 20 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால், ஊர்ப்பெயரை அவர்தம் மொழியிலும் எழுத வேண்டும். ருமேனியாவில் ஹங்கேரிய இனத்தவர் சுமார் 10 இலட்சம் பேர். ஹர்கிதா, கோவாஸ்னா ஆகிய இரு மாவட்டங்களில் அவர்களே பெரும்பான்மையினர். ஆதலால் இப்போது அப்பகுதிச் சாலைகளில் இருமொழிப் பலகைகள் இயல்பான காட்சி. நல்ல சட்டமே. ஆனால் எண்ணிக்கையைக் கொண்டு மொழியுரிமையை அளப்பதிலுள்ள இடர் குளூஜ் நகரில் வெளிப்பட்டது. ஹங்கேரியப் பண்பாட்டின் பெருமைக்குரிய நகரம் அது. அவர்களுக்கு அது கொலொஷ்வார். 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்களின் விகிதம் 20 விழுக்காட்டிற்குச் சற்றே கீழே இறங்கியிருந்தது. ஒன்றிரண்டு விழுக்காட்டுக் குறைவால், பல நூற்றாண்டுகள் வழங்கிய பெயருக்குச் சட்டத்தின் துணை இல்லாமற்போயிற்று. நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2017இல்தான் நகர எல்லையில் பன்மொழிப் பலகை எழுந்தது.

பெயரிழப்பும் ஊரிழப்பும் சேர்ந்து வந்த ஆண்டு ஒன்று உண்டு: 1988. அவ்வாண்டில் சௌசெஸ்கு அரசு, நாட்டிலிருந்த ஏறத்தாழ 13,000 சிற்றூர்களில் பாதியளவை ஒழித்து, மக்களை அடுக்குமாடிகளுக்குக் குடிமாற்றப்போவதாக அறிவித்தது. ஹங்கேரிய மொழி இதழ்களும் ஊர்களை ருமேனியப் பெயராலேயே குறிக்க வேண்டும் என்ற ஆணையும் அவ்வாண்டில் வந்தது. திட்டம் முழுமையாக நிறைவேறுமுன் அரசு கவிழ்ந்தது. ஆயினும் ஓர் ஊர் தப்பவில்லை.

முன்னர்க் கண்ட முள்ளாற்றின் சிறிய கிளையில், அதாவது சிறிய தர்னவாவில், கலக்கும் ஓடை ஒன்றன் கரையில் இருந்தது பொசொதூய்ஃபலு. ‘பொசொத்’ அருகூரின் பெயர். ‘ஊய்ஃபலு’ என்றால் புத்தூர். ருமேனியப் பெயரான பெஸிது நோவு என்பதிலும் இறுதிச்சொல் ‘புதிய’ என்பதே. கத்தோலிக்கரும் யூனிட்டேரியரும் ருமேனியக் கிறித்தவரும் அங்கு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களோடு, பதினாறாம் நூற்றாண்டில் சனிக்கிழமையைப் புனிதநாளாகக் கொண்டு பிரிந்து, 1860களின் இறுதியில் வெளிப்படையாக யூத சமயத்தைத் தழுவிய ஹங்கேரியக் குடும்பங்களும் இருந்தன. வேறெங்கும் காண்டற்கரிய கூட்டுவாழ்வு அது. வெள்ளத்தடுப்புக்கென்று ஓடையின் குறுக்கே அணை எழுப்பப்பட்டது, மக்கள் வெளியேற்றப்பட்டனர், 1988இல் நீர் ஊரை மூடியது. கத்தோலிக்கத் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் ஏரிக்கு நடுவே நீண்டகாலம் நின்றது. 2014இல் அதுவும் இடிந்து விழுந்தது.

கரையில் ஒரு நினைவிடம் உள்ளது. வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களும் அவர்தம் மக்களும் ஆண்டுதோறும் அங்கே கூடுகின்றனர். ஊரே இல்லாத அவ்விடத்திற்குப் புத்தூர் என்ற பெயரையே இன்னும் சொல்கின்றனர்.