முதலில் வெள்ளிக்கிழமையைக் குறியுங்கள்

“நாலு நாள் லீவு வருகிறது, துபாய் பார்த்தாயிற்று, ஓமன் போகலாமா?” என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். தாராளமாகப் போகலாம். சென்னையிலிருந்து நேர் விமானத்தில் மஸ்கட் சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள்: எந்த மாதம், எந்தக் கிழமை. இவை இரண்டும் சரியாக அமைந்தால் மற்றவை பெரிதாகச் சிரமம் தராது.

மாதத்தை முதலில் பார்ப்போம். மஸ்கட், நிஸ்வா, வஹீபா மணல்வெளி எல்லாம் வடக்கு ஓமன். அங்கே ஊர் சுற்ற ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு அந்த வெயிலில் கோட்டை ஏற முடியாது. இன்னொன்றும் உண்டு. அடுத்த சில ஆண்டுகளுக்கு ரமலான் மாதம் இந்தக் குளிர்காலத்தில்தான் வருகிறது. அப்போது பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும், பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

படங்களில் பச்சைப் பசேலென்று மலையும் அருவியும் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஓமன்தான், ஆனால் தெற்கே சலாலா. குற்றாலத்தில் சாரல் விழும் அதே பருவத்தில், தென்மேற்குக் காற்று தோஃபார் மலைகளில் மோதி மூடுபனியாகவும் தூறலாகவும் இறங்குகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நீளும் அந்தப் பருவத்துக்கு அங்கே கரீஃப் என்று பெயர். பக்கத்தில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. ‘கீரன்’ என்ற பெயரைத் தமிழ்-பிராமியில் பொறித்த பானை ஓடு 2006-ல் அங்கேதான் கிடைத்தது. ஆசை வரும், தெரியும். ஆனால் சலாலா மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். பருவமும் வேறு. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிழமைக்கு வருவோம். மஸ்கட்டில் எல்லோரும் பார்க்க விரும்புவது 2001-ல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 மணி முதல் 11 வரைதான் அனுமதி; வெள்ளிக்கிழமை கிடையாது. நிஸ்வாவில் இதற்கு நேர்மாறு. அங்கே புகழ்பெற்ற ஆட்டுச்சந்தை வெள்ளிக்கிழமை காலையில்தான் கூடும். ஆகவே புதன் இரவு மஸ்கட்டில் இறங்குவது நல்லது. வியாழன் காலை பள்ளிவாசல், பிற்பகலில் கடலோர முத்ரா கடைத்தெரு, இருட்டியதும் நிஸ்வாவுக்குப் புறப்பாடு. 160 கிலோமீட்டர், நல்ல சாலை, இரண்டு மணி நேரம் போதும். பள்ளிவாசலுக்குப் பெண்கள் தலையை மூடும் துணியும், கை கால் மறைக்கும் உடையும் கொண்டுபோக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் சந்தையில் இருங்கள். வட்டமான ஒரு பாதை. நடுவிலும் வெளியிலும் வாங்குபவர்கள் உட்கார்ந்தும் நின்றும் இருப்பார்கள். விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு விலையைக் கூவியபடி சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் கை நீட்டி நிறுத்துவார், ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், படியவில்லையென்றால் விட்டுவிடுவார். வெயில் ஏறும் முன் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த தெருவிலேயே 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டை.

கோட்டையோடு திரும்பிவிடாமல் ஃபலஜ் வாய்க்கால் ஒன்றையும் பாருங்கள். மலையடிவார நிலத்தடி நீரை, எந்த இயந்திரமும் இல்லாமல் சரிவை மட்டும் நம்பிப் பல கிலோமீட்டர் கொண்டுவரும் பழைய ஏற்பாடு இது. நம் ஏரிப்பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, இன்ன தோட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று பங்கு உண்டு. பகலில் சூரியனையும் இரவில் விண்மீனையும் பார்த்து அந்த நேரத்தைக் கணக்கிட்டார்கள். 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து ஃபலஜ்களில் தாரிஸ் நிஸ்வாவிலேயே இருக்கிறது.

சனிக்கிழமை வஹீபா மணல்வெளி. நிஸ்வாவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிதியா வந்துவிடலாம். அங்கே தார்ச்சாலை முடிகிறது. மணலில் இறங்கும் முன் ஓட்டுநர் நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்குவார். பயப்பட வேண்டாம், டயர் அகன்று படிந்தால்தான் மணலில் புதையாது. நீங்கள் வாடகைக்கு எடுத்த சின்னக் காரோடு உள்ளே போக நினைக்காதீர்கள். ஊரில் நிறுத்திவிட்டால், மணலில் நீங்கள் இரவு தங்கும் முகாமின் ஆட்களே தங்கள் வண்டியில் அழைத்துப்போவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஸ்வெட்டர் தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்பும் முன் வாதி பனீ காலித் என்ற ஆற்றுப்பள்ளம். ஓமனில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அதனால் ஞாயிறன்று கூட்டம் குறைவு, பச்சை நீர்க்குட்டைகளில் நிம்மதியாக நீந்தலாம்.

சில்லறைச் செய்திகள் சில. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஓமன் காவல்துறையின் இணையதளத்தில் ஈ-விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. கடையில் 1.500 என்று இருந்தால் ஒன்றரை ரியால், ஆயிரத்தைந்நூறு அல்ல. ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கும் மேல் என்பதால் சின்ன எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மருந்து மாத்திரைக்கு டாக்டர் சீட்டு அவசியம். குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் அதைப் போதைப்பொருளாகக் கருதுகிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாதி என்பது மழைநீர் வரும் ஆற்றுப்பள்ளம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், தொலைவில் மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். மலைப்பக்கம் மேகம் திரண்டால் அன்றைய வாதியை விட்டுவிட்டு நேராக மஸ்கட் திரும்பிவிடுங்கள்.