மாஸ்க்கை விடாதீங்க, முகத்தையும் கவனிங்க!

என் நாத்தனார் திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள். பஞ்சுத் தூசி பறக்கிற இடம். கொரோனா காலம் முடிந்தும், அவளுக்கு மட்டும் எட்டு மணி நேர மாஸ்க் முடியவில்லை. போன கோடையில் கன்னம், தாடையெல்லாம் பொடிப்பொடியாகப் பரு. மூக்குத் தண்டு சிவந்து, காதுக்குப் பின்னால் புண். வரன் பார்த்துக் கொண்டிருக்கும் நேரம். 'மாஸ்க்கே வேணாம் அண்ணி' என்று கழற்றிப் போட்டாள். இருமல் பிடித்துக் கொண்டது.

யாரோ சொன்னார்களென்று மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கித் தடவினாள். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. ஒரு மாதம் கழித்து நிறுத்தியதும், முன்னைவிட மோசமாகச் சிவந்து, எரிச்சல் தாங்காமல் அழுதாள்.

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டியூபைப் பார்த்ததுமே, 'இது ஸ்டீராய்டு. நாள் கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்துவிடும், பருவும் கூடும். இந்த மாதிரி கிரீம்களை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018லேயே உத்தரவு வந்தாச்சு' என்றார். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று டியூபில் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வியர்வை, மூச்சின் ஈரம், மாஸ்க் உரசுவது, இந்த மூன்றும் சேர்ந்துதான் தோலைக் கெடுக்கிறதாம். அவர் சொன்னபடி நாங்கள் செய்தவை:

* வாசனையில்லாத மென்மையான சோப்பில் முகம் கழுவி, ஈரப்பதம் தரும் கிரீம் லேசாகத் தடவி, அரை மணி நேரம் கழித்தே மாஸ்க். பவுடர், மேக்கப் கூடாது.

* நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, தூசி இல்லாத இடத்துக்குப் போய் 15 நிமிடம் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

* துணி மாஸ்க் என்றால் தினமும் துவைத்து, சோப்பு போக நன்றாக அலசி, வெயிலில் காயப் போட வேண்டும். வியர்வையில் நனைந்தால் மாற்ற, கைவசம் மூன்று வேண்டும்.

* காதுப் புண்ணுக்கு, ஒரு துணிப் பட்டையின் இரு முனையிலும் பட்டன் தைத்துக் கொடுத்தேன். பட்டை பின்தலையில் இருக்கும். மாஸ்க் கயிறு பட்டனில் மாட்டிக் கொள்ளும். இரவில் காதுக்குப் பின்னால் வாசலின் தடவினாள்.

* எலுமிச்சை, டூத்பேஸ்ட் போன்ற கை வைத்தியம் எரிகிற தோலுக்கு ஆகவே ஆகாது.

டாக்டர் தந்த மருந்தோடு இதையும் செய்ததில், இரண்டு மாதத்தில் முகம் தேறியது. மாஸ்க்கும் போட்டுக் கொண்டுதான் போகிறாள்.

மில், மருத்துவமனை, துப்புரவுப் பணி என்று மாஸ்க்கோடு உழைக்கும் பெண்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். சீழ் வைத்தாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்காவது அழைத்துப் போங்கள். பருவுக்குப் பயந்து நுரையீரலைப் பறிகொடுக்க வேண்டாம், சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருப்பூர்.