உப்புக்கும் ஓட்டம் உண்டு

"பிரேசில் கடலில் எண்ணெய் எடுக்கும் செய்திகளில் 'உப்புக்கு அடியில்' என்று எழுதுகிறார்களே, கடல்நீரையா சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார் தூத்துக்குடி வாசகர் ஒருவர். கடல்நீர் இல்லை, உப்புப் பாறை. உப்பளம் பார்த்து வளர்ந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் விலகத் தொடங்கியபோது, நடுவே நிலம் பிளந்து தாழ்ந்தது. பள்ளங்களில் ஏரிகள் தேங்கின. அவற்றின் அடிச்சேறு பின்னாளில் எண்ணெய் தந்தது. சிப்பிக் குவியல்களும் சுண்ணாம்புப் படிவுகளும் அந்த எண்ணெயைத் தாங்கின. இன்று சாண்டோஸ் படுகை எனப்படுவது அந்தப் பிளவின் பிரேசில் பக்கத்தில் ஒரு பகுதி.

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கேயிருந்து கடல் உள்ளே புகுந்தது. வெயில் அதைக் காய்ச்சியது. 1,000 மீட்டர் ஆழக் கடல் முழுதாக வற்றினாலும் ஏறக்குறைய 15 மீட்டர் உப்புதான் மிஞ்சும். அங்கோ பல இடங்களில் உப்பு 2,000 மீட்டர் கனம்! பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதுபோல், வற்ற வற்றக் கடல் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

என்னை வியக்கவைப்பது அதற்குப் பின் நடந்தது. கல்லுப்பைச் சுத்தியலால் தட்டினால் சதுரம் சதுரமாக உடையும். அதே உப்பு, பெரும் பாரத்தின்கீழ் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஓடும். சிறுவயதில் நாற்றங்காலில் இறங்கினால் கால் அழுத்திய இடத்துச் சேறு விரலிடுக்கில் பிதுங்கி மேலே வரும். அப்படித்தான் இதுவும். மேலே படிந்த வண்டல் சமமில்லாமல் அழுத்த, உப்பு பக்கவாட்டில் நகர்ந்து, தூண்களாகவும் சுவர்களாகவும் எழுந்தது. சில இடங்களில் அடுக்கு முழுவதுமே வழிந்துபோய்விட்டது.

ஓடுவதாலேயே அதில் விரிசல் நிலைக்காது. எண்ணெய்க்கு அதைவிட நல்ல மூடி இல்லை. 2006இல் பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் சாண்டோஸ் படுகையில் கண்டறிந்த டூப்பி எண்ணெய் வயல், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட கடல்நீருக்கும் அதன்கீழ் அவ்வளவே கனமான உப்புக்கும் அடியில் இருக்கிறது. துளையிடும்போது உப்பு நெருங்கிவந்து துளையை இறுக்கிவிடாமல் இருக்க, கனமான துளைச்சேற்றை நிரப்பித் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

செய்திகளில் பீப்பாய்க் கணக்குதான் வருகிறது. உப்பின் கதை வருவதில்லை. நம் பிள்ளைகளில் பலர் ஒரு பாறையையும் கையில் எடுத்துப் பார்க்காமலே பள்ளியை முடிக்கிறார்கள். ஆசிரியர்களே, ஒருநாள் அவர்களை உப்பளத்துக்கு அழைத்துப் போங்கள். முதலில் ஜிப்சம், பிறகு உப்பு, கடைசியில் கசப்பு நீர் என்று பாத்தி பாத்தியாகக் காட்டுங்கள். சாண்டோஸில் கடல் வற்றியதும் இந்த வரிசையில்தான்.