மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தால் நில உரிமையாளரின் பொறுப்பு என்ன?

புதுடெல்லி: வீட்டின் பின்புறத்திலும் வயலிலும் தண்ணீர் கிடைக்காமல் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் தவறி விழும் சம்பவங்கள் பல மாநிலங்களில் தொடர்கின்றன. ஹரியானா மாநிலம் குருக்ஷேத்திர மாவட்டத்தில் 2006-ஆம் ஆண்டு ஜூலையில் இவ்வாறு விழுந்த சிறுவனை, ஏறத்தாழ இரண்டு நாள் போராட்டத்திற்குப் பின் ராணுவத்தினர் உயிருடன் மீட்டனர். எல்லா மீட்புப் பணிகளும் அவ்வாறு முடிவதில்லை.

உரிமையாளரின் கடமைகள்

இது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. அவற்றின்படி, கிணறு தோண்டுவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் உரிய அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பணியின்போது முள்வேலியோ வேறு தடுப்போ அமைப்பது கட்டாயம். குழாயைச் சுற்றி, தரைமட்டத்திற்கு மேல் 0.30 மீட்டரும் கீழ் 0.30 மீட்டரும் இருக்குமாறு சிமெண்ட் மேடை கட்டப்பட வேண்டும். குழாயின் வாய் இரும்புத் தகட்டால் பற்றவைக்கப்பட வேண்டும். அல்லது உறுதியான மூடியிட்டு திருகாணிகளால் இறுக்கப்பட வேண்டும். பழுதுபார்க்க மோட்டாரை வெளியே எடுக்கும்போதும் கிணற்றைத் திறந்துவிடக் கூடாது.

கைவிடப்பட்ட கிணற்றைக் களிமண், மணல், கூழாங்கற்கள் போன்றவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். அவ்வாறு நிரப்பப்பட்டதற்குச் சான்றிதழும் பெறப்பட வேண்டும். சாக்குப்பையோ பலகையோ போட்டு மூடுவது போதாது.

தண்டனை

கவனக்குறைவால் மரணம் விளைவித்தது நிரூபிக்கப்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆவது பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தில் உச்ச அளவு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. குழந்தை உயிர் பிழைத்தாலும், காயம் ஏற்படுத்தியதற்காக 125-ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம்.

இழப்பீடு

குழந்தையை இழந்த பெற்றோர், 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பெரியவர்களுக்குரிய எச்சரிக்கையுணர்வைச் சிறு குழந்தையிடம் எதிர்பார்க்க இயலாது என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. எனவே, 'குழந்தை கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்ற வாதம் உரிமையாளருக்கு எளிதில் கைகொடுக்காது.

அண்டை வீட்டார் என்ன செய்யலாம்?

விபத்து நேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதைக்கோ பொது இடத்திற்கோ அருகில் பாதுகாப்பற்ற கிணறு அல்லது பள்ளம் இருப்பின், அதற்கு வேலியிடுமாறு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். இதற்காகப் பொதுமக்கள் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு அளிக்கலாம்.