ஞாபகத்தை யாரிடம் கொடுத்து வைப்பது?

பசறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதுளையில் கணினி படிக்கிறாராம். ஜாவா இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். தங்கைக்காக ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப டவுனில் உள்ள கொமினிகேஷன் கடைக்குப் போயிருக்கிறார். பாதிக்கு மேல் நிரப்பிய பிறகு அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தைப் படிவம் கேட்டிருக்கிறது. அப்பா மலையில் வேலையில் நிற்கிறார். அங்கே சிக்னல் கிடையாது. ஒருவழியாக அவரைப் பிடித்து, இலக்கத்தை வாங்கி, அடித்து, ‘அடுத்தது’ பொத்தானை அழுத்தினால் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரி வந்திருக்கிறது. நிரப்பிய எதுவும் மிஞ்சவில்லை. சேர்வர் ஏன் எங்களை மறந்தது என்று கேட்கிறார்.

மறந்ததற்குக் காரணம் சொல்வது சுலபம். அதுவரை எப்படி ஞாபகம் வைத்திருந்தது என்று சொல்லத்தான் ஒரு கட்டுரை வேண்டும்.

டிம் பேர்னர்ஸ்-லீ வடிவமைத்து 1991இல் எழுதிவைத்த எச்டிடிபி நெறிமுறையில் ஞாபகத்துக்கு இடமே இல்லை. கேட்டால் பக்கத்தைக் கொடு, கொடுத்ததும் தொடர்பை அறுத்துவிடு, அவ்வளவுதான். அடுத்த நொடியே அதே ஆள் திரும்பி வந்தாலும் சேர்வருக்கு அவர் முன்பின் தெரியாதவர். ஆவணங்களை எடுத்து வாசிக்க இது போதும். சேர்வருக்கும் சுமை இல்லை. படிவம் நிரப்புவது, பொருள் வாங்குவது என்று வேலைகள் வந்தபோதுதான் இடித்தது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி குக்கியைக் கண்டுபிடித்தார். சேர்வர் ஒரு சிறு குறிப்பைத் தரும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும்.

ஜாவாக்காரர்கள் 90களின் இறுதியில் சேர்வரில் ஓடும் நிரலான சேர்வ்லெட்டைக் கொண்டுவந்தபோது இதன் மேல்தான் செஷனைக் கட்டினார்கள். நீங்கள் முதலில் வரும்போது சேர்வர் ஓர் இலக்கத்தை உருவாக்கி ஜேசெஷன்ஐடி என்ற பெயரில் குக்கியாகத் தரும். டொம்கெட் சேர்வர் வழக்கமாகத் தருவது 16 பைட். எழுதினால் 32 குறிகள். அந்தக் குறிகளில் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சேர்வரின் நினைவகத்தில், அந்த இலக்கத்துக்கு நேரே பதிந்திருக்கின்றன.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புதுச் சங்கதி இல்லை. எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது கழுத்தில் தொங்கிய தகர வில்லையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். டின் டிக்கட் என்பார்கள். தோட்டத்துக்கு உரிய எழுத்தும் இலக்கமும், ஆளுக்கு உரிய இலக்கமும் மட்டுமே அதில் பொறித்திருக்கும். ரயிலுக்கும் கப்பலுக்கும் ஆன செலவு அந்த இலக்கத்தைப் பார்த்துத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். வில்லையைச் சுமந்தவர் கையில் கணக்கு இருக்காது. ஏடு வேறிடத்தில் இருந்தது. செஷன் இலக்கம் அச்சாக இதே ஏற்பாடுதான்.

அதே காலத்தில் தோட்டங்களில் துண்டு என்று இன்னொன்றும் நடமாடியது. இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. இங்கே ஏட்டைத் தேட வேண்டாம். கணக்கே சீட்டில் இருக்கிறது, கங்காணி அதைக் கையோடு கொண்டுபோகிறார். இன்னொரு தோட்டத்துத் துரை வாசித்துப் பார்த்து, பணத்தைக் கட்டி, ஆட்களை எடுத்துக்கொள்வார். மனிதர்களைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அவ்வளவு வலியைக் கணினிக்கு உவமை ஆக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவரைப் பற்றிய கணக்கு எவர் கையில் இருக்கிறது என்பதில் அவர் தலைவிதியே அடங்கும் என்று நம் சனங்கள் பட்டு அறிந்தவர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

இந்தத் துண்டு முறையைப் போன்ற ஒன்று ஜாவாவிலும் உண்டு. இந்தத் துறையில் என்னை அதிகம் பிரமிக்க வைத்ததும் அதுதான்.

செஷன் ஆளை ஞாபகம் வைக்கிறது. பக்கத்தை ஞாபகம் வைப்பது வேறு வேலை. எந்தப் பகுதி விரிந்திருந்தது, பட்டியலில் எதைத் தெரிவுசெய்தீர்கள், எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பிழைச் செய்தி நின்றது என்பதெல்லாம் பக்கத்தின் நிலை. 2004இல் வெளிவந்த ஜாவாசேர்வர் ஃபேசஸ் என்ற கட்டமைப்பு, பக்கம் முழுவதையும் சேர்வருக்குள் ஒரு மரமாகக் கட்டுகிறது. அடியில் பக்கம், அதிலிருந்து படிவம், படிவத்திலிருந்து பெட்டிகளும் பொத்தான்களும். பக்கத்தை அனுப்பியதும் மரம் கலைந்துவிடும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் அதே மரம், அதே நிலையில், திரும்ப எழுந்து நிற்க வேண்டும். ஒரு வேண்டுகோள் அங்கே ஆறு கட்டங்களைக் கடக்கிறது. முதல் கட்டமே பக்கத்தை மீட்டெடுப்பதுதான்.

இடைப்பட்ட நேரத்தில் மரத்தின் நிலையை எங்கே வைப்பது? அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இதைத் தீர்மானிக்கலாம். ‘சேர்வர்’ என்று எழுதினால் அது செஷனுக்குள் கிடக்கும். ‘கிளையண்ட்’ என்று எழுதினால் நடப்பதுதான் விநோதம். முழு நிலையையும் பைட்டுகளாக்கி, பைட்டுகளை எழுத்துகளாக்கி, உங்களுக்கு அனுப்பும் அதே பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தில் வைத்துவிடும். பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள். வியூஸ்டேட் என்ற பெயருக்கு எதிரே பொருளற்ற எழுத்துகள் நீளமாக ஓடும். சேர்வருக்கு இருக்க வேண்டிய ஞாபகம் அங்கே, பசறைக் கடைக் கணினியின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ‘அடுத்தது’ என்றதும் அது படிவத்தோடு சேர்வருக்குத் திரும்பிப் போகிறது. நடுவில் சேர்வரை நிறுத்தி மீண்டும் தொடக்கினாலும், சங்கேதச் சாவி மாறாமல் இருந்தால் பக்கம் விட்ட இடத்திலிருந்து நடக்கும். சீட்டில் எல்லாம் எழுதியிருக்கும்போது ஏடு எதற்கு!

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த மூட்டை போய்வர வேண்டும். டேட்டா கார்டு போட்டுப் பிழைக்கும் மலைப்பகுதியில் அது காசு. ஆரம்ப மரத்தை வார்ப்புருவிலிருந்தே திரும்பக் கட்டலாம், மாறியதை மட்டும் சேமித்தால் போதும் என்ற யோசனை 2009இல் இரண்டாம் பதிப்போடு வந்து மூட்டையை நன்றாக இளைக்க வைத்தது.

பெரிய கவலை வேறு. சீட்டு கையில் இருந்தால் திருத்தத் தோன்றாதா? துரையின் கையொப்பம் இல்லாத துண்டை எவரும் மதிக்கமாட்டார்கள் அல்லவா, இங்கும் அப்படி ஒரு கையொப்பம் வேண்டும். இதைப் பலர் அலட்சியம் செய்தார்கள். சங்கேதமாக்கிவிட்டோம், யாருக்கும் புரியாது, போதும் என்றிருந்தார்கள். 2010இல் ஜூலியானோ ரிஸோ, தாய் டுவோங் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நிம்மதியைக் கலைத்தார்கள். சங்கேத வியூஸ்டேட்டில் ஒவ்வொரு பைட்டாக மாற்றி அனுப்பினால், சேர்வர் சில வேளை ஒரு விதமாகவும் சில வேளை வேறு விதமாகவும் பிழை சொல்லும். அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து, சாவி இல்லாமலே, உள்ளே இருப்பதை வாசித்துக் காட்டினார்கள். மறைத்து வைப்பது ஒரு வேலை. மாற்றவில்லை என்று உறுதி செய்வது இன்னொரு வேலை. இரண்டையும் செய்யாமல் பக்கத்தின் ஞாபகத்தை வெளியே அனுப்பக் கூடாது. 2013இல் வந்த 2.2 பதிப்பில்தான் சங்கேதமாக்குவது கேட்காமலே நடக்கும் ஏற்பாடாக விவரக்குறிப்புக்குள் நுழைந்தது.

சரி, சேர்வரிலேயே வைத்தால் பயமில்லையே என்றால், அங்கே இடப்பிரச்சினை. ஒருவர் பார்த்த ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை காலம் சுமப்பது? ஜாவாசேர்வர் ஃபேசஸின் மொஹாரா என்ற செயலாக்கம் ஓர் ஆளுக்கு 15 பக்கங்களை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்தால் வெகுநேரம் தொடாத பழையதைத் தள்ளிவிடும். அப்பாச்சி மைஃபேசஸில் அது 20. எழுதுபவர் மாற்றாதவரை இவைதான் எண்கள். இந்த ‘ஆள்’ என்பது உண்மையில் ஒரு பிரவுசர் என்பதை மறந்துவிடக் கூடாது. கொமினிகேஷன் கடையில் ஒரே கணினியில், ஒரே பிரவுசரில், லுணுகலையிலிருந்து வந்தவர்களின் படிவம் ஒரு டேப்பிலும் மடுல்சீமைக்காரர்களின் படிவம் இன்னொரு டேப்பிலும் திறந்திருக்கும். சேர்வருக்கு எல்லாரும் ஒரே ஜேசெஷன்ஐடி. நிரப்பியதைச் செஷனில் போட்டிருந்தால் ஒரு வீட்டுப் பிள்ளையின் விவரம் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படிவத்தில் கலந்துவிடும். அந்தந்தப் பக்கத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் வியூ ஸ்கோப் 2009இலேயே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் செஷனில் கொட்டுவது சோம்பல் என்றே சொல்வேன்.

வாசகியின் படிவத்தை அழித்தது பெரும்பாலும் இன்னொரு எண்ணாக இருக்கும். டொம்கெட்டோடு வரும் அமைப்புக் கோப்பில் செஷன் ஆயுள் 30 நிமிடம் என்று எழுதியிருக்கிறது. 30 நிமிடம் எந்த வேண்டுகோளும் வராவிட்டால் ஏட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும். பெட்டிக்குள் தட்டச்சு செய்துகொண்டிருப்பது வேண்டுகோள் ஆகாது; பொத்தானை அழுத்தும்வரை சேர்வருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. வங்கிக் கணக்குக்கு 30 நிமிடமே அதிகம், பொதுக் கணினியில் ஐந்து நிமிடத்தில் மூடுவது நல்லது. விண்ணப்பப் படிவத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மேசையில் எல்லாப் பத்திரமும் கிடக்கும் வீட்டில் அரை மணி தாராளம். பிறப்புச் சான்றிதழ் தோட்டத்து லயத்தில், அப்பா மலையில், பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத ஊரில் அது போதாது. அந்த 30ஐ எவரும் நம் ஊரை நினைத்து எழுதவில்லை. யாரோ சேர்வரை நிறுவியபோது இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்படி விடுவதும் ஒரு தீர்மானம்தான், அதன் சுமை தோட்டத்துப் பிள்ளையின் தலையில் விழுகிறது. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 போன்ற நிறுவனங்களிலும் அப்பாச்சியின் எக்சிஸ்2 போன்ற திட்டங்களிலும் உலகம் முழுவதும் ஓடும் ஜாவா மென்பொருளை எழுதியவர்களில் பலர் இலங்கைப் பொறியாளர்கள். இந்த நாட்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. படிவத்தை நிரப்பப்போகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை யோசித்தால் போதும்.

ஜாவா படிக்கும் வாசகிக்கு என் யோசனை இது. நேரத்தை 30இலிருந்து 300 ஆக்கி விடாதீர்கள். கடைசித் திகதியன்று ஆயிரக்கணக்கானோர் வரும்போது நினைவகம் நிரம்பி சேர்வரே விழுந்துவிடும், கடைக் கணினியில் அடுத்து உட்காருபவர் முந்தியவரின் விவரத்தையும் பார்ப்பார். உள்நுழையும் பக்கத்துக்கு ஞாபகமே வேண்டாம், 2.2 பதிப்பிலிருந்து அந்தப் பக்கத்தை நிலையற்றதாக அறிவிக்கலாம், பிறகு அது காலாவதி ஆகாது. நிரப்பியதை மட்டும் ஒவ்வொரு ‘அடுத்தது’க்கும் தரவுத்தளத்தில் வரைவாக எழுதி, விண்ணப்பதாரருக்கு ஒரு குறுகிய இலக்கத்தைத் திரையில் காட்டுங்கள். நாளை வேறொரு கடையில் அந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் படிவம் விட்ட இடத்திலிருந்து திறக்க வேண்டும். இலக்கத்தோடு அவர் தானே வைத்த ஒரு கடவுச்சொல்லையும் கேளுங்கள், இலக்கத்தை எழுதிவைத்த சீட்டைக் கண்டெடுத்தவர் திறக்காமல் இருக்க.